முத்துக் கரையின் கற்பனை இராஜ்யங்கள்

எந்த தேசப்படத்திலும் இல்லாத ஓர் ஐரோப்பிய இராஜ்யத்தை எழுத்தில் ஸ்தாபித்து, அதற்கு ஓர் அரியணையையும் ஒரு சூழ்ச்சிக்காரனையும் அரசனைப் போன்றே முகமுள்ள ஓர் அந்நியனையும் கொடுத்து, ஆங்கில வாசகரை மயக்கியவர் அந்தோணி ஹோப். 1894-இல் வெளிவந்த 'ஜெண்டாவின் கைதி' என்ற அவருடைய நாவலில் வரும் ருரிடேனியா, ஹாலிவுட் படங்களின் வழியே தமிழகத்தையும் எட்டி, 1958-இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தில் இரத்தினபுரியாக மறுபிறவி எடுத்தது. இது பலரும் அறிந்த சங்கதி. ஆனால் ஹோப் பேனாவை எடுப்பதற்கு முன்பே, மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும், முத்துக்குளிக்கும் மக்கள் தங்கள் கோயில் திருவிழாக்களில் மேடை கட்டி, விடிய விடியக் கற்பனை ஐரோப்பாவின் அரசர்களை ஆடவும் பாடவும் செய்துவந்தார்கள் என்பதை நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

அந்த இராஜ்யங்களில் பெரும் பிரசித்தி பெற்றது ஞானசௌந்தரியின் தேசம். தர்மர் என்னும் அரசரின் மகள் ஞானசௌந்தரி. அவளைச் சிற்றன்னை லேனாள் வஞ்சகமாகக் காட்டுக்கு அனுப்பிக் கொல்லச் சொல்லுகிறாள். கொலையாளிகள் அவளை உயிரோடு விட்டுக் கைகளை மட்டும் வெட்டிப் போகிறார்கள். வேட்டைக்கு வந்த இளவரசன் பிலேந்திரன் அந்தக் கையற்ற கன்னியைக் கண்டு இரங்கி மணம் செய்துகொள்ளுகிறான். அவன் வெளியூர் சென்றிருக்கும்போது இரட்டைக் குழந்தைகள் பிறக்க, பாட்டனார் சிமியோன் ராஜா மகனுக்கு மகிழ்ச்சிக் கடிதம் எழுதுகிறார். கதையின் உயிர் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. போகிற வழியில் அது லேனாளின் கையில் சிக்கி வாசகம் மாற்றப்படுகிறது. பிலேந்திரன் வருத்தத்தோடும் பொறுமையோடும் எழுதி அனுப்பிய மறுமொழியும் அவ்வாறே மாற்றப்பட்டு, தாயையும் சேய்களையும் காட்டுக்குத் துரத்தச் சொல்லும் கட்டளையாகச் சிமியோனிடம் வந்து சேருகிறது. நல்லவர் இருவர் நல்லெண்ணத்தோடு எழுதியவை, இடையில் நின்ற ஒருத்தியின் மையினால் கொடுமையாக முடிகின்றன. பிறகு தேவமாதாவின் கிருபையால் வெட்டுண்ட கைகள் மீண்டும் வளர்வதும், குடும்பம் ஒன்றுசேர்வதும் நடக்கின்றன. கையற்ற கன்னியின் கதை ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் பல உருவங்களில் வழங்கிவந்தது. கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் அதில் ஒன்று உண்டு. ஆயினும் பிலேந்திரனும் லேனாளும் சிமியோனும் தமிழ்க் கடற்கரையின் பிரஜைகளாகவே ஆகிவிட்டார்கள்.

இந்தச் சுதேச உரிமை அவர்களுக்கு எப்படி வாய்த்தது என்பதை அறிய, பதினாறாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். 1530-களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளிக்கும் பரதவர்க்கும் முஸ்லிம் வணிகர்க்கும் மூண்ட கலகத்தில் நிலைகுலைந்த பரதவர், தங்கள் தலைவர்களான பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரிடம் அடைக்கலம் கேட்டனர். வழிகாட்டியவர் ஜுவாம் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் ஆளாக 1513-இல் லிஸ்பன் நகருக்குச் சென்று, அங்கே ஞானஸ்நானமும் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பி, குதிரை வாணிகத்தில் பெருங்கடனும் பட்டவர் அவர். அவருடைய வாழ்க்கையே ஒரு வீரசாகச நாவலுக்குப் போதுமானது. 1535-க்கும் 1537-க்கும் இடையில் சுமார் 20,000 பரதவர் கிறிஸ்தவராயினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் புன்னைக்காயலில் தங்கித் தமிழைக் கற்ற அண்டிரிக் அடிகளார் 1586-இல் 'அடியார் வரலாறு' என்ற பெருநூலை அச்சேற்றினார். ரோமாபுரியின் சேனாபதிகளும் ஐரோப்பிய அரசிகளும் தமிழ் வாசகத்தில் நடமாடத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

புத்தகம் ஒருபுறமிருக்க, கடற்கரையின் தெருவிலேயே அத்தகைய அரசர் ஒருவர் இருந்தார் என்பதுதான் என் மனத்தை மிகவும் கவர்வது. பரதவரின் ஜாதித்தலைவர், பாண்டியபதி என்ற பழைய பட்டத்தோடு போர்த்துக்கீசியப் பெயரையும் தரித்து, பல்லக்கும் குடையும் கொடியும் சூழப் பவனி வந்தார்; வழக்குகளைத் தீர்த்தார்; சலாபம் என்னும் முத்துக்குளிப்பில் சிப்பியின் ஒரு பங்கைப் பெறும் உரிமை அவருக்கு ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தது. கோட்டை இல்லை, சேனை இல்லை, சொந்த நிலமென்று எல்லை வகுத்த நாடும் இல்லை. கடலடியில் கிடக்கும் முத்துப்பார்களும் கரையில் வாழும் மக்களின் விசுவாசமுமே அவருடைய இராஜ்யம். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றி, கத்தோலிக்க குருமார்களை விரட்டித் தங்கள் மதத்தைப் பரப்ப முயன்றபோதும் பரதவர் அசையவில்லை. தலைவரின் செல்வாக்கும் குன்றவில்லை. 1806-இல் தொன் கபிரியேல் தக்ரூஸ் வாஸ் கோமஸ் என்ற தலைவர் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்து ஓடவிட்டார். தேர் வடத்தை முதலில் தொடும் மரியாதை தலைவருக்குரியதாயிற்று. ஐரோப்பியப் பெயருடைய ஒரு பாண்டியன், தமிழ் முறையில் தேர் ஓட்டி, ஐரோப்பிய மாதாவை வீதியுலா அழைத்துச் சென்ற அந்தக் காட்சியைக் கண்டு வளர்ந்த மக்களுக்குச் சிமியோன் ராஜாவின் கொலுமண்டபம் எப்படி அந்நியமாகும்?

இந்த மகிமையின் செலவை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சலாபம் கூடியபோது, கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, ஏழெட்டுப் பாக ஆழத்துக்கு இறங்கி, மூச்சடங்கும் முன் கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் அள்ளிக் கயிற்றை இழுத்துச் சைகை செய்தவன் குளியாள். மேலே தோணியில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவனிடம் அவன் உயிர் இருந்தது. சுறாவுக்கு அஞ்சி, மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிகளையும் கத்தோலிக்கக் குளியாட்கள் கூலி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். பகலில் கடலடியில் மூச்சைப் பணயம் வைத்த அந்த மனிதர்களே திருவிழா இரவில் தலையில் மகுடம் சூடி அரசராயினர் என்பதை நினைத்தால், மேடை ராஜாக்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை. மேடையில் அவர்கள் பறங்கியரைப் பார்த்து நடிக்கவில்லை. கட்டியகாரன் முன்வந்து கூற, ராஜா கொலுவீற்றிருந்து மந்திரியை அழைத்து நாட்டு நலம் விசாரிப்பது நம் கூத்தின் சொந்த முறை. அந்த முறைக்குள் ஐரோப்பா வந்து குடியேறியது.

1560-இல் போர்த்துக்கீசியர் மன்னாரில் கோட்டை கட்டிப் புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலரை அங்கே கொண்டுசென்றனர். அக்கரையிலும் முத்துப்பார் இருந்தது, அதே வேதம் தழைத்தது, அதே கூத்தும் செழித்தது. கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரின் பயிற்சியில் மன்னார்க் கிராமங்கள் 'என்றிக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசௌந்தரி' முதலிய நாடகங்களை வழிவழியாகக் காத்து வந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் இவற்றைத் தேடித் தொகுத்து ஒவ்வொன்றாகப் பதிப்பித்தது தமிழ் நாடகத்துக்குச் செய்த மகத்தான உபகாரம். இக்கரையில் அப்படி ஒருவர் தோன்றாமல் போனது எனக்குத் தீராத குறை.

ஆனால் இக்கரை வேறொருவரைத் தந்தது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, 24-ஆம் வயதில் அந்த உத்தியோகத்தைத் துறந்து நாடகத்துக்கு வந்த சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் எழுதிய அதே கையால் ஞானசௌந்தரி சரித்திரத்தையும் எழுதினார். முருக பக்தரான அவர் தேவமாதாவின் அற்புதத்தைத் தமிழ் மேடைக்குப் பொதுச் சொத்தாக்கியதால், கோயில் முற்றத்துக்குள் நின்ற கதை மதுரையிலும் தஞ்சையிலும் கொட்டகை கொட்டகையாக ஓடியது. கடற்கரையைக் காணாத ஊர்களிலும் பிலேந்திரன் பெயர் வழங்கியது. 1935-இல் அது படமாயிற்று. 1948-இல் சிட்டாடல், ஜெமினி என்ற இரு பட நிறுவனங்களும் ஒரே வருஷத்தில் அதையே எடுக்க, டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படத்துக்கு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றார்கள். பெரும் செல்வாக்குடைய ஜெமினி தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.