பெட்டி, முத்திரை, பொத்தான்: இந்தியா ஓட்டுப் போட்ட கதை

இன்று ஓட்டுச்சாவடிக்குள் நுழைந்தால் வேலை இரண்டே நிமிடம்தான். விரலில் மை, பொத்தானில் ஒரு அழுத்து, "பீப்" என்று ஒரு நீளமான சத்தம். (வெளியே வெயிலில் வரிசையில் நின்ற நேரம் தனிக்கணக்கு!) இந்த இரண்டு நிமிடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. வழியில் நடந்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் அச்சடித்த சீட்டைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்? அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னமுள்ள பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும், எதையும் குறிக்க வேண்டாம். இதற்காக நாடெங்கும் சுமார் 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்தார்கள்.

சென்னுக்குப் பெரிய தலைவலி பெட்டியில் வரவில்லை, வாக்காளர் பட்டியலில் வந்தது. வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரை அந்நியரிடம் சொல்ல மறுத்தார்கள். கணக்கெடுக்க வந்தவர்களும் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சென் இதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார். சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். இப்போது கூச்சல் எழுந்தாலும் பரவாயில்லை, அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்லும் வழக்கம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு பெண்ணை அவள் பெயரிலேயே குடிமகளாகப் பதிய வேண்டும் என்ற பிடிவாதம் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயத்துக்கான விலையை அந்தப் பெண்களே கொடுத்தார்கள், நாட்டின் முதல் தேர்தலில் ஓட்டுப் போடாமல்!

பெட்டி முறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சீட்டில் எந்தக் குறியும் இல்லை. மறைவுக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் சொருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடலாம். வாங்கியவரின் ஆள் ஒருவர் உள்ளே போய் மொத்தமாக ஒரே பெட்டியில் போட்டால் யாருக்குத் தெரியும்? 1960இல் கேரளத்திலும் 1961இல் ஒரிசாவிலும் புதிய முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லா வேட்பாளர்களும் ஒரே சீட்டில், பக்கத்தில் சின்னம், முத்திரை குத்திவிட்டு ஒரே பெட்டியில் போட வேண்டும். 1962 பொதுத் தேர்தலில் இதுவே நாட்டின் பெரும்பகுதிக்கு வந்தது. மைசூரில் தயாராகும் அழியாத மையும் அதே ஆண்டு வந்ததுதான். மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் அதை இன்றும் தயாரிக்கிறது.

சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும். எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணும் மேஜையில் சண்டை வரும். அதற்காகவே அம்பு முனையுள்ள சிலுவை முத்திரை வந்தது. ஒட்டிய பிம்பத்தில் அம்புகள் எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

அடுத்து வந்தது மின்னணு இயந்திரம். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக வைத்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே இயந்திரம் கூடாது என்று உயர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. கடைசியில் 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது அவரேதான்! இப்போது இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ். இயந்திரம் தப்பாக எண்ணியது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டத்தில் சீட்டு என்று இருக்கும்போது ஆணையம் தானாக இயந்திரத்தைக் கொண்டுவர முடியாது என்றது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் ஜெயித்தார்.

1988இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் வாங்கிய இயந்திரங்கள் பெரும்பாலும் கிடங்கில் தூங்கின, கட்சிகளுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் 1996இல் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி வந்தது. விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைக் கவனிக்காததற்கு எதிர்ப்பாகக் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலையும் தள்ளிவைத்தார்கள். இயந்திரம் இருந்திருந்தாலும் உதவியிருக்காது, அதில் அப்போது 64 பேருக்குத்தான் இடம். கோளாறு டெபாசிட் தொகையில் இருந்தது. 1951இல் சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் என்று வைத்தது, 45 ஆண்டுகளாக அப்படியே கிடந்தது. விலைவாசி எங்கே போனது, இது எங்கே நின்றது! அதன் பிறகு 5,000 ஆக்கினார்கள்.

1998இல் சில தொகுதிகளில் இயந்திரம் மறுபடி தலைகாட்டியது. 2001இல் தமிழகம் முழுவதும், 2004இல் நாடு முழுவதும். அதை உருவாக்கிய பெங்களூர் பெல் நிறுவனக் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவர் எழுத்தாளர் சுஜாதா என்பது பலருக்கும் தெரிந்ததே. நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் ஏற்காதபடி அதை அமைத்திருந்தார்கள். சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக் கட்டாய்க் குத்தும் வித்தை அதில் எடுபடாது.

சந்தேகம் மட்டும் தீரவில்லை. போட்ட ஓட்டு போட்டவருக்கே விழுந்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லையே! 2013இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று தேவை என்றது, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிக்கும் வந்தது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும், பழைய வாக்குச்சீட்டே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை.

அந்தச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும். பிறகு அறுந்து உள்ளே விழுந்துவிடும், வாக்காளர் கைக்கு வராது. வந்தால் வெளியே எடுத்துப்போய்க் காசு கொடுத்தவரிடம் காட்டலாமே! 1952இல் மடியில் சொருகிய சீட்டை யாரும் மறக்கவில்லை.