சீன மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம்: கேட்டலும் வாசித்தலும்

சீன மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலக் கேட்டல், வாசித்தல் பயிற்சிகளின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அதன் ஆங்கிலத் தாளுக்கு 150 மதிப்பெண். தேர்வு நேரம் 2 மணி நேரம்.

தேசியத் தாளின் வழக்கமான வடிவில் கேட்டல் பகுதிக்கு 20 வினாக்கள், 30 மதிப்பெண். முதல் 5 சிறு உரையாடல்கள் ஒரே முறைதான் ஒலிக்கும். பின்வரும் நீண்ட உரையாடல்களும் தனியுரைகளும் இருமுறை ஒலிக்கும். மாண்டரின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோ முடிவதால், ஆங்கிலச் சொற்களின் இறுதியில் வரும் ‘ட்’, ‘ஸ்’ போன்ற ஒலிகள் மாணவர் காதுக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. பன்மையும் இறந்தகாலமும் அந்த ஒலிகளில்தான் இருக்கின்றன என்பதே சிக்கல்.

வாசித்தல் பகுதிக்கு 50 மதிப்பெண். நான்கு பத்திகளைப் படித்து 15 வினாக்களுக்கு விடை தேர்வதோடு, ஒரு கட்டுரையின் ஐந்து வெற்றிடங்களுக்கு ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து நிரப்ப வேண்டும். மனப்பாடம் செய்த சொற்பட்டியல் இங்கே அதிகம் கைகொடுக்காது. வாக்கியங்களுக்கு இடையிலான தொடர்பைப் பிடிக்க வேண்டும். சீன மொழியில், தமிழைப் போலவே, பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னே வரும். ஆங்கிலத்தில் பின்னே வரும். எனவே நீண்ட வாக்கியங்களில் எழுவாய் எது, பயனிலை எது எனப் பிரித்துக் காட்டுவது வகுப்புகளில் வழக்கமான பயிற்சி.

2017-ஆம் ஆண்டின் மேல்நிலைப் பாடத்திட்டம் மொழித்திறனோடு பண்பாட்டு விழிப்புணர்வு, சிந்தனை, கற்கும் திறன் ஆகியவற்றையும் இலக்குகளாக வைத்தது. ஆனால் இறுதியாண்டு வகுப்பறையில் மாதிரித் தாள்களுக்கே முதலிடம்.