ஜாவாவில் ஆர்கியுமென்ட் அனுப்புதல்

ஜாவா நிரலில் ஒரு மெத்தடை அழைக்கும்போது, அதற்குத் தேவையான மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் தருவதே ஆர்கியுமென்ட் அனுப்புதல். அவற்றை வாங்கிக்கொள்ள மெத்தடின் தலைப்பில் அறிவிக்கப்படும் மாறிகள் பாராமீட்டர்கள். எண்ணிக்கை, வரிசை, தரவு வகை மூன்றும் பொருந்தாவிட்டால் கம்பைலர் நிரலை ஏற்காது. இன்ட் மதிப்பை டபுள் பாராமீட்டர் தானாகவே ஏற்கும். டபுளை இன்ட்டுக்குத் தருவதானால் வெளிப்படையாக மாற்றித்தான் தர வேண்டும்.

ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்கி, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் வெளியிட்ட இந்த மொழியில், மெத்தடுக்குப் போவது எப்போதும் மதிப்பின் நகல்தான்.

ஒரு மாறியில் 5 இருக்கிறது. மெத்தட் தன் பாராமீட்டரை 50 ஆக்குகிறது. திரும்பி வந்து அச்சிட்டுப் பார்த்தால் அதே 5 நிற்கும். இரண்டு எண்களை இடம் மாற்ற மெத்தட் எழுதும் புதியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அரே, ஆப்ஜெக்ட் ஆகியவற்றில் நகலாவது பொருளல்ல, அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ். வீட்டு முகவரியை இன்னொரு தாளில் எழுதிக் கொடுப்பது போன்றது இது. தாள் இரண்டானாலும் வீடு ஒன்றே. எனவே மெத்தட் அரேயின் முதல் இடத்தில் 99 எழுதினால், அழைத்த இடத்திலும் 99 தெரியும். பாராமீட்டரைப் புதிய அரேக்குத் திருப்பினாலோ, பழைய அரே அப்படியே இருக்கும்.

எத்தனை மதிப்புகளையும் ஏற்கும் முப்புள்ளிப் பாராமீட்டர், 2004-இல் ஜாவா 5 உடன் வந்தது. பட்டியலின் கடைசியில் மட்டுமே அதற்கு இடம்.

மாற்றிய எண் வெளியே வேண்டுமானால், மெத்தட் அதை ரிட்டர்ன் செய்ய வேண்டும். அழைத்த இடத்தில் அதை ஒரு மாறியில் வாங்கி வைக்க வேண்டும்.