கட்டம் போட்ட துணி கடல் தாண்டிய கதை

நைஜர் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே, பூகுமா என்றொரு ஊர் இருக்கிறது. தெற்கு நைஜீரியாவில் வாழும் கலபாரி மக்களின் ஊர். அந்த ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு கைவேலை உண்டு. புத்தம்புதுத் துணியை மடியில் விரித்து, அதன் நூலை அறுப்பார்கள்.

முதலில் ஊசி முனையால் ஒரே ஒரு வெளிர் இழையைத் தூக்குவார்கள். தூக்கிய இழையைப் பிளேடாலோ சிறு கத்தியாலோ இரண்டு இடத்தில் நறுக்கி, நடுவில் இருக்கும் துண்டை உருவி எடுப்பார்கள். பக்கத்து இழையில் கை படக்கூடாது. பிறகு அடுத்த இழை, அடுத்த கட்டம். இப்படியே நாள் கணக்கில் உட்கார்ந்து செய்தால், கெட்டியாக இருந்த துணி வலைபோல மெலிந்து, உள்ளேயிருந்து ஒரு புதிய கோலம் எழுந்து வரும். அறுக்காமல் விட்ட கறுப்பும் சிவப்பும் நீலமும்தான் அந்தக் கோலத்தின் கோடுகள். இதற்குப் பெலெதே பிதே என்று பெயர். அறுத்த துணி என்று பொருள். குறுக்கே ஓடும் இழையை முழு நீளத்துக்கும் உருவி எடுத்துச் செய்யும் இன்னொரு வகை ஃபிமதே பிதே.

அவர்கள் அறுப்பது நம் ஊர்த் துணியை. சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட, சென்னையின் பெயரைத் தாங்கிய பருத்தித் துணி அது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதையையும், போன இடங்களிலெல்லாம் யார் யார் கைபட்டு என்னவெல்லாம் ஆனது என்பதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வணிகர்களின் கணக்கில் அதற்கு மெட்ராஸ் கைக்குட்டை என்று பெயர். கைக்குட்டை என்றதும் சட்டைப் பையில் மடித்து வைப்பதை நினைக்க வேண்டாம். ஏறத்தாழ ஒரு கஜம் நீளம், ஒரு கஜம் அகலம் கொண்ட சதுரத் துணி இது. தலையில் கட்டலாம், தோளில் போடலாம், இரண்டு மூன்றைச் சேர்த்து இடுப்பில் உடுத்தலாம். தறியில் இதைத் தனித்தனியாக நெய்வதில்லை. நீளமான ஒரே துணியாக நெய்து, ஒரு சதுரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கரை விடுவார்கள். சென்னைக்கு வடக்கே பொன்னேரிப் பக்கத்திலும், ஆந்திரக் கடலோரத்தில் சீராலாவிலும் இது நெசவாளர் வீடுகளின் சோறாக இருந்தது.

கட்டம் போடுவது எளிய வேலைபோலத் தெரியும். தறியருகே நின்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும். நூலை நெசவுக்கு முன்பே சாயத்தில் தோய்த்தாக வேண்டும். ரசாயனச் சாயம் வருவதற்கு முன் நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர். சாயம் ஏறிய நூலைப் பாவாக ஓட்டி, தெருவில் நீளக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காய வைப்பார்கள். நெசவாளர் ஊர்களில் பாவடி என்று இன்றும் பெயர் தங்கியிருக்கும் இடங்கள் அப்படி வந்தவைதாம். பாவில் எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை நீலம், எத்தனை வெள்ளை என்று எண்ணி வைத்திருக்கிறார்களோ, அதே எண்ணிக்கையில் குறுக்கே ஓடும் ஊடையிலும் நிறம் மாற வேண்டும். நிறம் மாறும்போதெல்லாம் ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை மாற்ற வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. தறிப் பலகையை ஓங்கி அடித்தால் ஊடை நெருங்கிக் கட்டம் குட்டையாகிவிடும், மெதுவாக அடித்தால் நீண்டுவிடும். காலை முதல் மாலை வரை ஒரே கனத்தில் அடிக்கும் கைக்குத்தான் கட்டம் சதுரமாக விழும். அளவுகோல் அந்தக் கைதான்.

சென்னை என்ற நகரமே இத்தகைய துணிக்காக எழுந்தது. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடலோரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. கப்பல் நிற்க நல்ல துறைமுகம்கூட அன்று இங்கே இல்லை. புனித ஜார்ஜ் கோட்டை எழுந்ததும் நெசவாளர்களைக் கம்பெனியே அழைத்துக் குடியமர்த்தியது. 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டையின் பெயர் சின்னத் தறிப் பேட்டை என்பதிலிருந்து வந்தது. துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை.

இங்கிருந்து துணி லண்டனுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்தப் பயணத்தில் ஒரு கறை இருக்கிறது. இந்தியப் பருத்தித் துணிகளைக் கொடுத்து ஐரோப்பிய வணிகர்கள் மனிதர்களை வாங்கினார்கள். நைஜர் கழிமுகத்துத் துறைகள் பல அடிமை வணிகத்தில் வளர்ந்தவை. பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்த பிறகு அந்தத் துறைகள் மெல்லப் பனை எண்ணெய்க்கு மாறின. துணி தொடர்ந்து போனது. தறியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் துணி எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. நமக்கு இன்று தெரியும். துணியின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கலபாரி மக்கள் மீன்பிடிப்பவர்கள், படகோட்டி வணிகம் செய்பவர்கள். அவர்களுக்குத் தறி கிடையாது, நெசவு மரபும் கிடையாது. வந்து சேர்ந்த கட்டத் துணியை அவர்கள் இஞ்சிரி என்றார்கள். கோதாவரிக் கழிமுகத்தில், ஏனாமுக்கு அருகே கம்பெனியின் துணிக்கிடங்கு இருந்த இஞ்சரம் என்ற ஊரின் பெயரே அப்படித் திரிந்தது என்பார்கள். நைஜீரியாவில் இக்போ மக்கள் உடுத்தும் இந்தியத் துணிக்கு ஜார்ஜ் என்று பெயர். அது புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். நம் கடலோர ஊர்ப் பெயரும் கோட்டைப் பெயரும் அங்கே புடவைப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

தறியே இல்லாத மக்கள், பிறர் நெய்ததை வாங்கி, அதிலிருந்து இழையைக் கழித்துத் தங்களுக்கென்று ஒரு துணியை உண்டாக்கினார்கள். நெய்கிறவர் இழை சேர்த்து உருவம் கொண்டுவருவார். கலபாரிப் பெண் இழை நீக்கி உருவம் கொண்டுவருகிறார். கல்லில் வேண்டாததை நீக்கும் சிற்பியின் வேலைக்கு இது நெருக்கமானது. எந்த இழை போனால் துணி தாங்கும், எது போனால் பிரிந்துவிடும் என்று தெரிந்தவரே இதில் கை வைக்க முடியும். அதாவது அறுக்கிறவருக்கும் நெசவு தெரிந்திருக்க வேண்டும், தறியை ஒருநாளும் தொடாமலே. கலபாரி வீடுகளில் இந்தத் துணிகளைப் பெட்டியில் பத்திரப்படுத்தித் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுகிறார்கள். பெரியவர் ஒருவர் இறந்தால், அவரைக் கிடத்தும் கட்டிலைக் குடும்பத்தின் துணிகளால் அலங்கரிப்பார்கள். மனிதருக்குச் செய்யும் கடைசி மரியாதையில் நம் தறியின் இழையும் அவர்கள் கத்தியின் வேலையும் சேர்ந்தே இருக்கின்றன.

இதே துணி அட்லாண்டிக் கடலையும் தாண்டியது. கரீபியன் தீவுகளில் அடிமைகளாக்கப்பட்ட பெண்களும் விடுதலை பெற்ற பெண்களும் இதைத் தலையில் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டொமினிக்காவில் வாழ்ந்த இத்தாலிய ஓவியர் அகோஸ்டினோ புரூனியாஸின் படங்களில் கட்டம் போட்ட தலைத்துணிகளைப் பார்க்கலாம். 1786இல், அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் மீரோ ஓர் ஆணை போட்டார். கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலைமுடியை அலங்கரித்துத் திரியக் கூடாது, துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்பது ஆணை. அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதே நோக்கம். நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் மூடத்தான் செய்தார்கள். ஆனால் கண்ணைப் பறிக்கும் துணியை எடுத்து, உயர உயரச் சுற்றி, அந்தத் தலைக்கட்டையே கிரீடமாக்கிக்கொண்டார்கள். அவமானத்துக்கு என்று கொடுத்த துணி அவர்கள் கையில் அலங்காரமானது.

மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் தலைக்கட்டு ஒரு பேச்சாகவே வளர்ந்தது. துணியின் முனைகளை எத்தனை மேலே நிமிர்த்துகிறார்கள் என்பதில் ஒரு சேதி உண்டு என்பது அங்கத்திய வழக்கு. ஒரு முனை என்றால் மனம் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, மூன்று என்றால் திருமணம் ஆகிவிட்டது. அங்கே இன்னொரு நுட்பமான வேலையும் பிறந்தது. நெய்து வந்த துணியின் வெளிர் கோடுகளின் மேல், தூரிகையால் மஞ்சள் வண்ணப் பசையைத் தீட்டுவார்கள். கோடு விலகாமல், ஒவ்வொரு கட்டத்திலும், கையால். தீட்டி முடித்த துணி வெயிலில் பளிச்சென்று எரியும், விறைத்து நிற்பதால் கட்டுவதற்கும் தோதாக இருக்கும். இதைத் தொழிலாகவே செய்த பெண்கள் இருந்தார்கள்.

பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853இல் மார்த்தினிக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் முதல் கப்பல்கள் கரை சேர்ந்தன. இறங்கிய தமிழர்கள், தங்கள் ஊர்க் கட்டத் துணியைத் தலையில் கட்டிய அயல்நாட்டுப் பெண்களைத் துறையிலேயே பார்த்திருப்பார்கள். மனிதர்களுக்கு முன்பே துணி போய்ச் சேர்ந்திருந்தது. இன்று செயிண்ட் லூசியாவின் தேசிய உடையில் இருப்பது மெட்ராஸ் என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கட்டம்தான். ஜமைக்காவின் மரபுடையும் இதே வழியில் வந்தது.

20ஆம் நூற்றாண்டில் அதே துணி அமெரிக்காவில் சட்டையானது. பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் 1958இல் நியூயார்க் வணிகர் ஒருவருக்கு இதை விற்றார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டிய துணி அது. சட்டை வாங்கியவர்கள் மற்ற துணிகளோடு துவைக்க, சாயம் கசிந்து எல்லாவற்றிலும் ஏறியது. புகார்கள் குவிந்தன. கடைசியில் அந்தக் குறையையே குணமாக விளம்பரப்படுத்தினார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, உங்கள் சட்டை உங்களுக்கே உரிய சட்டையாக மாறும் என்றார்கள். கல்லூரி இளைஞர்கள் தேடி வாங்கினார்கள்.

நைஜீரியாவுக்கான ஏற்றுமதி அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரும், அதன் பிறகு வந்த இறக்குமதித் தடைகளும் அந்தச் சந்தையை உலுக்கின. விசைத்தறியும் அச்சடித்த கட்டமும் மலிவு விலையில் வந்தன. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெலெதே பிதே துணிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூலத்துணியை நெய்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அறுத்தவர்களும் தீட்டியவர்களும்கூடப் பெரும்பாலும் பெயரில்லாதவர்களே.

ஆனாலும் அவர்கள் சொல்லிக்கொடுத்த ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. கைவேலை என்றாலே வெறுமையிலிருந்து ஒன்றை உண்டாக்குவது, அதற்குத் தனித் திறமை வேண்டும் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பூகுமாப் பெண்கள் இன்னொருவர் முடித்து வைத்த இடத்திலிருந்து தொடங்கினார்கள். குவாதலூப் பெண்களும் அப்படியே. என் பாட்டி வீட்டிலும் தாத்தாவின் கைலி நைந்தால் தலையணை உறையாகும், உறை கிழிந்தால் அடுப்படியில் பிடிதுணியாகும். பாட்டி அதைக் கலை என்று சொன்னதில்லை. இப்போது நினைத்தால், அந்த உறையின் ஓரத்தில் அவர் கட்டத்தோடு கட்டம் பொருந்தத் தைத்திருந்தது கண்ணுக்குள் நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கட்டம் போட்ட கைலி இருக்கும். திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நிறம் ஒன்றுபோல இருந்தால் அது சாயநூலில் நெய்தது. ஒரு நல்ல ஊசியும் சின்னக் கத்தரியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில், குறுக்கே ஓடும் வெளிர் இழை ஒன்றை ஊசியால் தூக்குங்கள். அடர் நிறக் கோடு தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு, முடியும் இடத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை உருவி விடுங்கள். அடர் நிற இழைகளைத் தொடாதீர்கள், துணியைத் தாங்கப்போவது அவைதாம். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் செய்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் கையிலும் ஊசியைக் கொடுங்கள்.

அடுத்த முறை துணி வாங்கும்போது, ஒரு கைத்தறிக் கட்டத் துணியையும் கேட்டு வாங்குங்கள். எந்த ஊரில் நெய்தது என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். அந்த ஊர்ப் பெயரையாவது நாம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.