சதுரப் புட்டியும் இஞ்சிப்புல்லும்

எங்கள் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் 1658-ல் பிடித்தார்கள். ஐந்து ஆண்டுகளில், 1663 ஜனவரியில், கொச்சிக் கோட்டையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்குப் போனது. இரண்டு துறைமுகத்திலும் சரக்குக் கப்பல்தான் எனக்குச் சோறு போட்டது. இப்போது வல்லார்பாடத்தில், 2011-ல் திறந்த கண்டெய்னர் முனையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன். அதனாலேயே ஜின்னின் கதையை லண்டனில் தொடங்கி லண்டனிலேயே முடிப்பது எனக்கு ஒப்புவதில்லை.

ஆங்கிலேயருக்கு ஜின்னைப் பழக்கியவர்களே டச்சுக்காரர்கள்தான். ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரின் காயைப் போட்டு வடித்த தானியச் சாராயத்தை அவர்கள் யெனெவர் என்றார்கள். மரப்பெட்டிக்குள் இடம் வீணாகாமல் அடுக்குவதற்காக அதன் புட்டிகளைச் சதுரமாகவே ஊதினார்கள். சரக்கு ஏற்றிப் பழகியவனுக்கு அந்தப் புத்தியின் அருமை தெரியும். டச்சுக்காரரான மூன்றாம் வில்லியம் 1689-ல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய பிறகு அந்தக் குடி லண்டன் தெருக்களில் பெருகியது.

ஜூனிப்பர் மலையாளக் கரையில் வளராது. ஆனால் ஜின்னில் ஜூனிப்பர் மட்டுமா இருக்கிறது? கொத்துமல்லி விதை, எலுமிச்சைத் தோல், பட்டை, சில வகைகளில் ஏலமும் இஞ்சியும் மிளகும் சேரும். ஆம்ஸ்டர்டாமின் பழைய போல்ஸ் வடிப்பகத்துக்காரர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த வாசனைச் சரக்கை வாங்கித்தான் மது செய்தார்கள். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் இன்றும் சுக்கு மூட்டை பிரிக்கிற இடத்தில் நின்றால் அந்த நெடி தொண்டை வரை இறங்கும். உலகச் சந்தையில் அந்தச் சரக்குக்குக் ‘கொச்சின் இஞ்சி’ என்றே பெயர்.

சரக்கை விடப் பெரிய கடன் ஒன்று இருக்கிறது. கொச்சியின் டச்சுத் தளபதி ஹென்ட்ரிக் வான் ரீட் இந்தக் கரையின் செடிகளை ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற நூலில் தொகுத்தார். 12 தொகுதிகள், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாகின. எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகள். எது எதற்கு மருந்து என்று சொன்னவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் உதவினார்கள். 1675-ல் அச்சுதன் கொடுத்த சான்று அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் இடம்பெற்றிருக்கிறது. அச்சுதனின் ஈழவச் சமூகத்தில் கள் இறக்குகிறவர்களும் மூலிகை வைத்தியர்களும் இருந்த கரை இது. மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும் தாதிரிப் பூவும் சேர்த்து, பரணியில் நொதிக்க விட்டு அரிஷ்டம் எடுக்கிறார்கள். அதில் தானாக ஊறும் சாராயம்தான் மருந்தின் சத்தைப் பிடித்து வைக்கிறது. மதுவில் மூலிகை ஊறப்போடுவதை வெளியிலிருந்து யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

டானிக் தண்ணீருக்கும் நம் பக்கத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. டானிக்கில் சேர்கிற மலேரியா மருந்தான கொய்னாவை எடுக்கிற சின்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860 வாக்கில் கொண்டுவந்தார். மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் அதை நீலகிரியில் வளர்த்தார். நடுவட்டத்துத் தோட்டங்களில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். ஜின்னும் டானிக்கும் குடித்தால் மலேரியா போகும் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. போகாது. அமெரிக்க விதிப்படி டானிக்கில் லிட்டருக்கு 83 மில்லிகிராம் வரைதான் கொய்னா இருக்கலாம். வைத்தியத்துக்கோ ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,800 மில்லிகிராம் வேண்டும். இருபது லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும்!

இனி என் வீட்டு ஜின்னுக்கு வருகிறேன். வீட்டில் சாராயம் வடிப்பது கேரள அப்காரிச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் எனக்குச் சம்மதமே. பக்கத்துத் தீவான வைப்பினில் 1982 ஓணத்தின்போது விஷச்சாராயம் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலர் கண்ணை இழந்தார்கள். இங்கே வயதானவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் சட்டென்று அடங்கிவிடுவார்கள். நான் செய்வது, அரசுக் கடையில் வாங்கிய ஜின்னில் வாசனை ஏற்றுவது மட்டும்.

வீட்டுக்காரச் சேச்சியின் வேலியோரம் இஞ்சிப்புல், அதாவது எலுமிச்சைப் புல், புதராக நிற்கிறது. ‘கொச்சின் எண்ணெய்’ என்று கப்பலேறியது இந்த இனத்துப் புல்லின் தைலம்தான். “பனிக்கு ஆவி பிடிக்கான் நட்டதாணு, மோனே” என்பார். காய்ச்சலுக்கு வைத்ததை நான் குடிக்குக் கேட்கிறேன் என்று செல்லக் கோபம். “ஒரு தண்டு போதும் சேச்சி” என்று வாங்கிக்கொள்வேன்.

அடித்தண்டில் நான்கு விரல் அளவு வெட்டி, அம்மியில் வைத்து ஒரு தட்டு. நார் பிளந்தால் போதும், கூழாகக் கூடாது. பிளந்த ஏலம் இரண்டு. எலுமிச்சைத் தோலில் மஞ்சள் மட்டும், வெள்ளை ஒட்டினால் கசக்கும். இவற்றை 200 மில்லி ஜின்னில் போட்டு வெயில் படாமல் ஒரு நாள் வைத்தால், நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம் உள்ள நம்மூர் ஜின் தண்ணீர் தொடாத எண்ணெயையெல்லாம் இழுத்துவிடும். துளசி சேர்ப்பதானால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மீறினால் பச்சையம் இறங்கிக் கருக்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறேன்.

பிறகு 45 மில்லி ஜின், அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி நன்னாரி சர்பத், ஐஸ் எல்லாவற்றையும் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் குலுக்கி, மேலே சோடா. எர்ணாகுளம் தெருக்களின் குலுக்கி சர்பத் முறையேதான். அதில் பச்சை மிளகாயைக் கீறிப் போடுவார்கள். இதில் போட்டால் ஏலத்தை அமுக்கிவிடுகிறது, நான் போடுவதில்லை.