கொங்குப் பருவமும் கணினித் திரையும்: பள்ளி மாணவர் ஹைக்கூ குறித்து

ஜப்பானியக் குறுங்கவிதையைப் பற்றிப் பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதினார். 1984இல் வெளியான ‘புள்ளிப்பூக்கள்’ தமிழின் முதல் ஹைக்கூத் தொகுப்பாகக் கருதப்படுகிறது. அதன் ஆசிரியர் அமுதபாரதி ஓவியருமாவார். ஜப்பானில் பூசோனும் (1716–1784) கவிஞர், ஓவியர் என இருவகையிலும் புகழ் பெற்றவர். ஆகவே சிறுவர்கள் ஹைக்கூ எழுதி அதற்குப் படமும் வரைவது மரபுக்குப் புறம்பானதன்று. ஆனால் தமிழ் ஹைக்கூ மூன்றடியைப் பெற்றுக்கொண்டு பருவச் சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. மூன்றாமடியில் ஒரு சாட்டையடி வைப்பதே ஹைக்கூ என்று மாணவர் நம்புவதற்கு இதுவே காரணம். பருவத்தை மீட்காமல் ஹைக்கூ வகுப்புக்குக் கணினியை மட்டும் கொண்டுவந்தால் கிடைப்பது அலங்கரித்த முழக்கம்தான்.

பருவம் என்றதும் ஆசிரியர் தொல்காப்பியத்தின் ஆறு பெரும்பொழுதுகளை நாடுவது இயல்பு. உரையாசிரியர்கள் கார்காலத்துக்கு ஆவணி, புரட்டாசி மாதங்களைக் குறித்தனர். கொங்கு நாட்டில், கோவையின் போத்தனூர் வானமோ வேறு கணக்கில் இயங்குகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே இறங்கிவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வந்து சேர்வது காற்றும் சாரலும்தான். இங்கே மழை வலுப்பது ஐப்பசியில். அது நூலின்படி கூதிர்காலம். ஆவணியைக் கார் என்று எழுதும் மாணவி நூலுக்குச் சரியாகவும் தன் வாசலுக்குப் பிழையாகவும் எழுதுகிறாள். இதனால் இலக்கணத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நிலத்துக்கு நிலம் கருப்பொருள் மாறும் என்றதே அம்மரபுதான். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டியல் அன்று, பட்டியலிடும் முறை. ஜப்பானியரின் ‘சாய்ஜிகி’ என்ற பருவச்சொல் கையேடு போல, கொங்குக்கும் ஒன்றை மாணவரே தொகுக்கலாம்: ஆடி நோம்பித் தூரி, ஐப்பசி அடைமழை, மார்கழிக் கடைசியில் காப்புக் கட்டச் சந்தைக்கு வரும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும், பட்டிப்பொங்கல், கோனியம்மன் மாசித் தேர், சித்திரையில் உதிரும் வேப்பம்பூ. ரயிலடியை ஒட்டி வளர்ந்த நகர்ப்புறத்தில் பிள்ளைகளுக்குப் பருவம் எங்கே தெரியும் என்று கேட்கலாம். குறிச்சிக் குளத்தின் நீர்மட்டமும் பூக்கடையின் வரவும் பருவத்தைச் சொல்லாமல் வேறெதைச் சொல்கின்றன?

கணினி உண்மையில் பயன்படுவது இந்தத் தொகுப்பு வேலைக்குத்தான். சொல், தமிழ் மாதம், பார்த்த இடம், நாள் என நான்கு பத்திகள் கொண்ட விரிதாளை ஒரு வகுப்பு அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கலாம். குறிப்பேடு ஆண்டிறுதியில் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும், இது போகாது. சில ஆண்டுகளில் வேம்பு பூக்கும் நாள் முன்பின்னாக நகர்வதுகூட அதில் தெரியும். இன்னொரு பயன், திருத்தம். மூன்றாமடியை முதலடியாக்கிப் பார்க்கத் தாளில் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். சிறுவர் அதற்குச் சலிப்பார்கள். திரையில் அது நொடி வேலை. தட்டச்சு பிள்ளைகளின் வேகத்தைக் குறைக்கும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் தட்ட வேண்டியது மூன்றே அடி. 1999இல் தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையில் மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் பிறப்பதால், எழுத்திலக்கணமே அங்கு பயிற்சியாகிறது. முதல் வரைவு தாளில் இருக்கட்டும்.

படத்தில்தான் ஆபத்து அதிகம். ஆயத்தப் படத் தொகுப்பில் ‘பனி’ என்று தேடினால் வெண்பனி போர்த்த ஊசியிலை மரங்கள் வந்து நிற்கும். போத்தனூரின் மார்கழியில் அப்படி ஒரு மரமும் நிற்பதில்லை. ஆகவே ஆயத்தப் படங்களையும் இயந்திரம் தானே ஆக்கித் தரும் படங்களையும் விலக்கி, டக்ஸ் பெயின்ட் போன்ற எளிய இலவச மென்பொருளில் மாணவரே வரைய வேண்டும். சுட்டியால் இழுக்கும் கோடு கோணலாகத்தான் வரும். பென்சிலில் வரைந்து ஒளிப்படமாக ஏற்றினாலும் குற்றமில்லை. கவிதை பெயர் சொன்ன பொருளையே படம் மறுபடி காட்டக் கூடாது என்ற விதியில் மட்டும் தளர்ச்சி வேண்டாம்: பூளைப்பூ கவிதையில் இருந்தால் படத்தில் வெறும் கூரை இறவாணம் போதும். மதிப்பெண்ணை விரிதாளில் சேர்த்த பதிவுக்கே தரலாம். கவிதைக்குப் போட்டால், ஆசிரியருக்குப் பிடித்த அந்த மூன்றாமடிச் சாட்டை அடுத்த வாரமே வகுப்புக்குத் திரும்பிவிடும்.