வள்ளையிலிருந்து அசெம்பிளி லைன் வரை

நெல் குத்தும் பெண்கள் பாடிய பாட்டுக்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: வள்ளை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் மூவேந்தரையும் பாடும் வள்ளைப்பாட்டு இருக்கிறது. குறுந்தொகையின் 89ஆம் பாடலில், தலைவி உரலடியில் பாடிய வள்ளையைப் பற்றி அயலார் ஏதேதோ பேசுகிறார்கள். அந்தப் பேச்சை எதற்குப் பொருட்படுத்த வேண்டும் என்கிறாள் தோழி. வேலை செய்யும் பெண் என்ன பாடுகிறாள் என்பதில் மற்றவர்களுக்கு அன்றைக்கே அக்கறை இருந்திருக்கிறது என்பது பரணரின் இந்தப் பாட்டிலிருந்து தெரிகிறது.

ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தும்போது உலக்கைகள் மோதாமல் காப்பது பாட்டின் தாளம். பாட்டால் கவனம் சிதறுமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பாட்டு நின்றால்தான் கை தடுமாறும். கிருஷ்ணகிரியைப் போலவே கேழ்வரகு விளையும் கர்நாடகத்தில், பெண்கள் இராகிக் கல்லைச் சுற்றியபடி பாடியதற்குப் ‘பீசுவ பத’ என்று பெயர். மராட்டியத்தில் ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வானும் முன்னின்று திரட்டிய திரிகைப் பாடல்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிறந்த வீட்டின் நினைவு, புகுந்த வீட்டின் கொடுமை, சாதி, அம்பேத்கர் எல்லாம் அவற்றில் உண்டு. கை மாவரைத்தது, வாய் வழக்குரைத்தது.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. மாவு மில் வந்தபோது பாட்டு போனது, தோள்வலியும் போனது. யாரும் உரலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் கல் சுற்றும் வேகத்தை, அந்த ஒரு இடத்திலாவது, பாடுகிறவளே வைத்துக்கொண்டாள்.

ஆலை குரலையும் கையையும் பிரித்தது. திரும்பத் திரும்ப ஒரே வேலை செய்பவர்களுக்கு இசை சலிப்பைக் குறைத்து உற்பத்தியைக் கூட்டுகிறது என்று 1937இல் பிரிட்டனில் வயாட், லாங்டன் என்ற இருவர் ஓர் ஆய்வில் கண்டார்கள். போர் வந்தது; ஆயுத ஆலைகளைப் பெண்கள் நிரப்பினார்கள். 1940 ஜூன் 23 அன்று பிபிசி ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. 1967 வரை அது நீடித்தது. 1942இல் ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாட்டு அதில் தடைசெய்யப்பட்டது. காரணம், அந்தப் பாட்டுக்குக் கைதட்ட வேண்டும். கை தட்டினால் கருவி கீழே போய்விடும். கேட்கலாம், சேர்ந்துகொள்ளக் கூடாது. வள்ளைக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள தூரம் அந்தக் கைதட்டலில் இருக்கிறது.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்தது. அடுத்த பத்தாண்டில் கடிகார ஆலை வந்தது. போச்சம்பள்ளியில் தன் ஸ்கூட்டர் ஆலையைப் பத்தாயிரம் பெண்களைக் கொண்டு முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் ஓலா அறிவித்தது. பெண்களை எடுப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பொறுமை, நுண்விரல், சிதறாத கவனம். 1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் இந்தப் பேச்சைத் தலைகீழாக்கினார்கள். அந்த விரல்கள் இயற்கை தந்தவை அல்ல, வீட்டில் தைத்தும் பின்னியும் பழகியவை; வீட்டில் கற்றதால் அது திறமையாக எண்ணப்படுவதில்லை, கூலியும் உயர்வதில்லை என்றார்கள். கவனமும் அப்படித்தான். ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் குழந்தையிலும் வைத்துப் பழகியவளின் கவனத்தைப் பிறவிக் குணம் என்றால் மலிவாக வாங்கலாம்.

கவனத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதும் இதற்குப் பொருந்துகிறது. கை பழகிய வேலைக்கு இசை பெரும்பாலும் துணை. படிப்பது, எழுதுவது போன்ற சொல் சார்ந்த வேலையில் பாட்டின் சொற்கள் குறுக்கிடுகின்றன. ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் கட்டிலில் தொலைநிலைக் கல்வித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குத் தேவைப்படுவது அமைதி. ஆனால் ஆறு பேர் தங்கும் அறையில் அவளுக்குக் கிடைப்பது இயர்போன். பாட்டு துணையாகக்கூடிய லைனிலோ, பல ஆலைகளில் செல்போன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பாட்டு உதவும் இடத்தில் பாட்டு இல்லை, உதவாத இடத்தில் வேறு வழியில்லை.

கண்ணுக்கும் விரலுக்கும் கூலி உண்டு. காது கூலியில்லாமல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எட்டு மணி நேரம் எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது, லைன் எந்த வேகத்தில் ஓடுவது என்பவை தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டிய விஷயங்கள். வள்ளை பாடியவளிடம் இந்த மூன்றும் இருந்தன.